பறவைப் புகலிடத்தில் மண்வெட்டி எப்போது விழ வேண்டும்?

மார்கழி மாதத்துக் காலைப் பொழுதொன்றில் கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் நீங்கள் போக நேர்ந்தால், எண்ணூர் நிலையம் தாண்டியதும் சன்னல் பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள். வண்டி நீர்ப்பரப்பைக் கடந்து அத்திப்பட்டுப் புதுநகரை நோக்கிச் செல்லும். கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் எண்ணூர்க் கழிமுகத்தில் கூடும் பகுதி இது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், உயர் அழுத்த மின்கம்பிகள், உப்பளப் பாத்திகள், இவற்றுக்கிடையே பழுப்பு நிறச் சேறு. ஓதம் வடிந்த நேரமாயிருந்தால் அந்தச் சேற்றின்மீது சிறு பறவைகள் குடுகுடுவென்று ஓடித் திரிவதைக் காணலாம். ஆனால், பறவைகளைக் கவனியாத பயணிக்கு அது வெறுஞ்சேறுதான். “இவ்வளவு இடம் வீணாகக் கிடக்கிறதே, நாலு மரம் நட்டால் பசுமையாக இருக்குமே!” என்றுதான் அவருக்குத் தோன்றும்.

அந்தப் பயணிக்கு மட்டுமன்று. இயற்கையைக் காக்கப் புறப்பட்டவர்களில் பலருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஒரு நீர்நிலையைப் “புகலிடம்” என்று அறிவித்தவுடன் நாம் செய்யும் வேலைகள் பெரும்பாலும் நான்கு: வேலி போடுதல், ஆழப்படுத்துதல், மரம் நடுதல், நடைபாதை அமைத்தல். நான்கும் நல்ல நோக்கத்துடன் செய்யப்படுபவை. படத்தில் அழகாகத் தெரிபவை. இவற்றுள் எவை பறவைகளுக்கு உதவுகின்றன, எவை அவற்றைத் துரத்துகின்றன என்பதைச் சற்றுக் கடுமையாகவே ஆராய வேண்டியிருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தைச் சீர்செய்ய வேண்டும் என்ற பேச்சு வலுத்துள்ள இந்நாளில், செலவழித்த பின் ஆராய்வதில் பயனில்லை.

முதலில் அந்தச் சேற்றைப் பார்ப்போம். ஒரு கை சேற்றை எடுத்துச் சல்லடையில் இட்டு நீரில் அலசினால், அதில் புழுக்களும் பொடி மட்டிகளும் நத்தைகளும் இறால் இனத்தைச் சேர்ந்த சிற்றுயிர்களும் தங்கும். இவை சேற்றின் மேற்பரப்பிலும் ஆழத்திலுமாக அடுக்கடுக்காக வாழ்பவை. அவற்றுக்கேற்பப் பறவைகளின் அலகும் அமைந்திருக்கிறது. கொசு உள்ளான் என்னும் சிறு பறவையின் எடை 30 கிராமுக்குள்தான். அதன் அலகு 2 சென்டிமீட்டர் இராது. அது மேல்தோலில் உள்ளதைக் கொத்தித் தின்னும். பெரிய கோட்டானுக்கோ (இரவில் அலறும் கோட்டான் அன்று, கடற்கரைப் பறவையான கோட்டான்) வளைந்த அலகு 12, 15 சென்டிமீட்டர் நீளும். அது அடியில் பதுங்கியிருக்கும் புழுவை இழுத்தெடுக்கும். ஒரே இடத்தில் மேயும் இரண்டுக்கும் போட்டி குறைவு. கொசு உள்ளான் ஆர்க்டிக் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருவது இந்த மேல்தோலை நம்பித்தான். பங்குனியில் திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பையும் இதிலிருந்தே அது சேர்த்தாக வேண்டும்.

இந்தச் சேற்றில் மரம் நட்டால் என்ன ஆகும்? வேர்கள் சேற்றைப் பின்னும், அலகு இறங்காது. மறைவு கிடைத்தால் வல்லூறு பதுங்கும். ஆகவே உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் உயர்ந்த புதரின் பக்கமே மேய அஞ்சும். கொக்குக்கும் வக்காவுக்கும் அந்த மரம் வீடாகலாம், உண்மைதான். ஆனால் ஒருவருக்கு வீடு கட்டுவதற்காக இன்னொருவரின் சமையலறையை இடித்தோம் என்பதை நாம் கணக்கில் எழுதுவதில்லை.

அடுத்தது காலம். வனவிலங்குப் புகலிடப் பராமரிப்பு பற்றி இங்கிலாந்திலிருந்து வரும் நூல்களைப் படித்தால், குளிர்காலமே வேலைக்காலம் என்றிருக்கும். நாணல் அறுப்பது, புதர் வெட்டுவது, வாய்க்கால் தூர்வாருவது எல்லாம் அங்கே அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நடக்கும். காரணம் எளிது: அந்நாட்டுப் பறவைகள் மார்ச் முதல் ஆகஸ்டு வரை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அந்த மாதங்களில் புதரில் கத்தி வைத்தால் முட்டைகள் அழியும். குளிர்காலத்தில் கூடுகள் வெறுமையாய் இருக்கும்.

இந்த அட்டவணையை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவந்தால் கதை தலைகீழாகிவிடும். வடகிழக்குப் பருவமழையில் நம் ஏரிகள் நிரம்புகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வந்து கூடு கட்டத் தொடங்குகின்றன. நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம், வெள்ளை அரிவாள்மூக்கன் எல்லாம் மார்கழி, தை, மாசியில் குஞ்சுகளுக்கு இரை தேடி ஓய்வின்றிப் பறக்கின்றன. வடநாட்டிலிருந்தும் வடதுருவப் பகுதியிலிருந்தும் வந்த விருந்தாளிகளும் அதே மாதங்களில்தான் நம் கழிமுகங்களில் இருக்கிறார்கள். ஆகவே, இங்கே குளிர்காலம் வேலை நிறுத்தக் காலம். வைகாசி, ஆனி, ஆடி ஆகியவையே மண்வெட்டிக்கு உரிய மாதங்கள்.

இது நம் முன்னோருக்குத் தெரியாத செய்தியன்று. குடிமராமத்து என்ற பெயரில் ஊரார் கூடி ஏரியைத் தூர்வாரியது கோடையில்தான். நீர் வற்றிய ஏரியில் வண்டல் அள்ளி வயலுக்கு அடித்தார்கள். வேடந்தாங்கல் மக்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்பதை அறிந்திருந்த அவர்கள், பறவைகளைச் சுடுவோரைத் தடுக்குமாறு முறையிட்டு, 1798இல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்து வடிவிலான உரிமையையே பெற்றார்கள். பறவை பாதுகாப்புச் சட்டம் என்ற எண்ணம் உலகில் பரவுவதற்கு வெகு முன்பே நடந்த செயல் இது. அவர்கள் நடைபாதை எதுவும் அமைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இன்றைய அட்டவணையை வகுப்பது நிதியாண்டு. திட்டம் ஒப்புதலாகி, டெண்டர் முடிந்து, பணம் கைக்கு வரும்போது கார்த்திகை, மார்கழி ஆகிவிடும். மார்ச் 31க்குள் செலவழித்தாக வேண்டும். பொக்லைன் இயந்திரம் எந்த மாதத்தில் கரையில் இறங்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இதில் யாருக்கும் தீய நோக்கம் இல்லை. நாட்காட்டி ஒன்றுக்குப் பதில் இன்னொன்று சுவரில் தொங்குகிறது, அவ்வளவுதான்.

கோடைக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆட்காட்டியும், நெடுங்கால் உள்ளானும், சிலவகை ஆலாக்களும் கோடையில் வறண்ட ஏரித்தரையிலும் உப்பளக் கரைகளிலும் முட்டையிடுகின்றன. மண்ணின் நிறத்திலேயே இருக்கும் அந்த முட்டைகளை லாரிச் சக்கரம் கண்டுகொள்ளாது. எனவே முழுப் பரப்பையும் ஒரே கோடையில் புரட்டக்கூடாது. மூன்றில் ஒரு பங்கை இவ்வாண்டு, இன்னொரு பங்கை அடுத்த ஆண்டு என்று செய்வதே முறை. வேலை மெதுவாகத்தான் நடக்கும். பறவைக்கு அவசரமில்லை.

இனி ஆழப்படுத்துவதைப் பற்றி. ஏரி ஆழமானால் நீர் கூடுதலாகத் தங்கும்; விவசாயிக்கு நல்லது, மீனுக்கும் கூழைக்கடாவுக்கும் நல்லது. ஆயினும் நீரில் நடந்து இரை தேடும் பறவைகள் எத்தனை ஆழம்வரை போக முடியும்? கொசு உள்ளானின் கால் 2 சென்டிமீட்டர் நீரைத்தான் தாங்கும். கொக்கு, நாரை, அரிவாள்மூக்கன் போன்றவை 20 சென்டிமீட்டர் வரை வசதியாக மேயலாம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு சிறு கணக்குப் போடுங்கள். இயந்திரம் வெட்டிய கரை 2 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் இறங்கும் செங்குத்தான சரிவு. அதில் 20 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள நீர் எவ்வளவு அகலம் இருக்கும்? வெறும் 40 சென்டிமீட்டர். அதே கரையை 50 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் மெல்லிய சரிவாக விட்டால் 10 மீட்டர் அகலம் கிடைக்கும். கரையின் சுற்றளவு 2 கிலோமீட்டர் என்றால், முதல் ஏரியில் பறவைகளின் மேய்ச்சல் நிலம் 800 சதுர மீட்டர். இரண்டாவதில் 20,000 சதுர மீட்டர், அதாவது 2 ஹெக்டேர். நீரின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தாலும் பந்தி 25 மடங்கு வேறுபடுகிறது. அத்துடன், நீர் மெல்ல வற்ற வற்ற அந்தப் பந்தி நாள்தோறும் ஏரியின் நடுவை நோக்கி நகரும். தினமும் புதிய இலை போட்டதுபோல. செங்குத்துக் கரையில் இந்த வசதி இல்லை. கல் பதித்து நடைபாதை போட்ட கரையில் அந்த 40 சென்டிமீட்டரும் இல்லை.

வேலி போடுவதுதான் மிகவும் நல்ல காரியம் என்று பலர் எண்ணுகிறார்கள். இதற்குப் பரத்பூர் தரும் பாடம் கசப்பானது. ராஜஸ்தானிலுள்ள கேவலதேவ் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் மகாராஜாவின் வேட்டைக்களம். 1938இல் வைஸ்ராய் லின்லித்கோவின் வேட்டைக் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டுத்தள்ளியது இங்கேதான். பிற்காலத்தில் சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்நிலம் தேசியப் பூங்காவாயிற்று. 1982இல் அங்கே மாடு, எருமை மேய்ச்சல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. சுற்றுக் கிராம மக்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. தடையை ஆதரித்தோர் சாதாரணமானவர்கள் அல்லர். நாட்டின் தலைசிறந்த பறவையியலாளர்கள் அந்தப் பக்கம் நின்றார்கள்.

பிறகு என்ன நடந்தது? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980இலிருந்து பத்தாண்டுக் காலம் அந்தச் சதுப்பு நிலத்தை ஆராய்ந்தது. எருமைகள் வெளியேறியதும் நீரிலே படரும் ஒருவகைப் புல் கட்டுக்கடங்காமல் மண்டி, திறந்த நீர்ப்பரப்பை மூடிக்கொண்டது. மீன்களும் நீர்ப்பறவைகளும் பாதிக்கப்பட்டன. கிழங்கு தோண்டித் தின்னும் சைபீரியக் கொக்குகளுக்கு அந்தப் புல்மெத்தை பெருந்தடையாயிற்று. அவை குறைந்துபோனதற்குப் புல் மட்டுமே காரணம் என்று சொல்லக்கூடாது. வலசைப் பாதையில் நடந்த வேட்டை பெரிய காரணம். எப்படியாயினும் 2001-02 குளிர்காலத்துக்குப் பின் அக்கொக்குகள் பரத்பூருக்கு வரவில்லை. ஆய்வின் முடிவு தெளிவாக இருந்தது: எருமை அந்த நிலத்தின் எதிரி அன்று, சம்பளம் வாங்காத தோட்டக்காரன். பின்னர் கிராமத்தார் உள்ளே சென்று புல் அறுக்க அனுமதிக்கப்பட்டனர். தலைசிறந்த கழகம் தன் பக்கத்தார் முன்பு ஆதரித்த கொள்கையைத் தன் ஆய்வாலேயே மறுத்து எழுதிற்றே, அந்த நேர்மையை மாணவர்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்திலும் இதே தவறு நடந்தது. அங்கே பெரிய நீலன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு ஒருவகைச் சிவப்பு எறும்பின் புற்றுக்குள் வளரும். ஆடும் முயலும் கறித்துக் குட்டையாக்கிய புல்தரையில்தான் வெயில் தரையை எட்டி அந்த எறும்பு செழிக்கும். பூச்சி பிடிப்போரைத் தடுக்க ஓரிடத்தில் வேலி போட்டார்கள், ஆடுகளும் வெளியே நின்றன, புல் உயர்ந்தது, எறும்பு போயிற்று. மேய்ச்சல் மற்ற இடங்களிலும் குறைந்துவர, 1979இல் அந்நாட்டில் அப்பூச்சி அற்றுப்போனது. காரணம் புரிந்தபின் மேய்ச்சலைத் திட்டமிட்டு மீட்டு, 1983 முதல் சுவீடனிலிருந்து கொண்டுவந்து மீண்டும் குடியேற்றினர்.

மரம் நடுவது முழுக்கத் தவறு என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். வேடந்தாங்கலில் நீர்க்கடம்பும் கருவேலமும் இல்லாவிட்டால் கூடு ஏது? நீர் சூழ்ந்த மரம் நரிக்கும் பூனைக்கும் எட்டாத கோட்டை. ஆனால் எல்லா மரங்களையும் ஒரே ஆண்டில் நட்டால் அவை ஒன்றாகவே மூத்து, ஒன்றாகவே பட்டுப்போகும். சீமைக் கருவேலத்தை ஒழிப்பது பற்றித் தமிழ்நாடு அரசு 2022இல் கொள்கை வெளியிட்டது, நல்லதே. கோடிக்கரையில் வெளிமானும் மாடும் அதன் காயைத் தின்று விதையைப் பரப்புவதால், ஒருமுறை வெட்டிவிட்டுப் போனால் மறுபடியும் முளைக்கும். ஆண்டுதோறும் திரும்பி வந்து பிடுங்க வேண்டும். திறப்பு விழா ஒருநாள், களை எடுப்பது இருபது ஆண்டு. செலவுத் திட்டத்தில் முதலாவதுக்கு இருக்கும் பத்தி இரண்டாவதுக்கு இருப்பதில்லை.

அலையாத்தி மரங்களுக்கும் இதையே சொல்லலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அலையாத்தி நடுவது ஒரு இயக்கமாகவே ஆயிற்று. நாற்றுகளின் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். பிச்சாவரத்தில் மெய்யாகவே என்ன நடந்தது என்று பாருங்கள். பல பத்தாண்டுகள் பகுதி பகுதியாக மரம் வெட்டியதால் வெயில் பட்டுத் தரை காய்ந்து, உள்வாங்கிப் பள்ளமாயிற்று. ஓத நீர் உள்ளே வந்தால் வடியாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறிற்று. எந்த நாற்றும் அதில் பிழைக்காது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் கண்ட வழி, மீன் முள்ளைப்போலக் கிளை பிரியும் வாய்க்கால்களை வெட்டி ஓதத்தை உள்ளே விட்டு வெளியே வடியச் செய்வது. உப்பு இறங்கியது, நட்டவை பிழைத்தன. முதலில் நீரின் போக்கு, பிறகுதான் நாற்று.

அத்திப்பட்டுக்கு வருவோம். இங்கே தடைப்பட்டிருப்பதும் நீரின் போக்குதான். நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு சாம்பல். வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் இயங்குகிறது. அதன் சாம்பல் நீரில் கரைக்கப்பட்டுக் குழாய் வழியே செப்பாக்கம் பக்கமுள்ள சாம்பல் குளத்துக்கு அனுப்பப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் குழாய்கள் கசிந்து சாம்பல் கொசஸ்தலையாற்றிலும் கழிமுகத்திலும் படிந்தது வழக்குமன்றப் பதிவுகளில் உள்ள செய்தி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் சீர்செய்யும் கடமையை வலியுறுத்தியது. சாம்பல் என்பது பெரும்பாலும் கண்ணாடி போன்ற நுண் உருண்டைகள். அதில் புழு தின்னும் மக்கு இல்லை. அது படிந்து ஆற்றுப்படுகை மேடானால் ஓதம் ஏறாது. ஓதம் ஏறாத சேறு காய்ந்த தரையாகும். அங்கே கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும், அலகால் தடவிப் புழு பிடிக்கும் உள்ளானுக்கும் ஒரே நேரத்தில் பிழைப்புப் போகிறது.

இந்தச் சாம்பல் மேட்டின்மீது அலையாத்தி நட்டுப் பசுமையாக்கலாம் என்று யாராவது சொன்னால், அவரிடம் பிச்சாவரத்தைக் காட்டுங்கள். மாறாக, “ஆழமாக வாரிவிடுவோம்” என்று சொன்னால், மேலே போட்ட சரிவுக் கணக்கைக் காட்டுங்கள். சாம்பலை அகற்றத்தான் வேண்டும்; ஆனால் அதற்கு அடியிலுள்ள பழைய சேற்றின் மட்டம் எது என்று துளையிட்டுப் பார்த்து, அந்த மட்டத்தோடு நிறுத்த வேண்டும். கையால் தடவிப் பழகியவர்களுக்கு அந்த மட்டம் எங்கே இருந்தது என்பது எந்தப் பொறியாளரையும்விட நன்றாகத் தெரியும். அவர்களைக் கேட்பதற்கு டெண்டர் தேவையில்லை.

அண்மையில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. மீனவர்கள் காக்கா ஆழி என்று பெயரிட்டிருக்கும் அயல்நாட்டுச் சிப்பி, தென் அமெரிக்கக் கரைகளைத் தாயகமாகக் கொண்டது. எண்ணூர், பழவேற்காடு நீர்நிலைகளின் அடித்தரையைக் கம்பளம் விரித்ததுபோல மூடி வருகிறது. கப்பல்களோடு வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. கம்பளத்துக்கு அடியில் இறாலும் மட்டியும் வாழ இடமில்லை. இதை அள்ளி எடுக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அள்ளும் இயந்திரம் சேற்றையும் சேர்த்து அள்ளினால், சிப்பியோடு பழைய குடிகளும் போய்விடுவார்கள். அள்ளியதை உயிரோடு கரையோரம் கொட்டினால் அடுத்த ஓதத்தில் திரும்பி நீருக்குள் போகும்.

அவசர வேலைக்கு நாள் பார்க்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவி, கூழைக்கடாக்கள் எண்ணெய் தோய்ந்து நின்றபோது, “இது வலசைக் காலம், பொறுத்திருங்கள்” என்று யாரும் சொல்லமாட்டார்கள். தீப்பிடித்தால் அணைக்கத்தான் வேண்டும். திட்டமிட்ட வேலைகளின் நிலை அதுவன்று.

ஆகவே, எண்ணூர்க் கழிமுகத்துக்கான எந்தத் திட்டம் உங்கள் கண்ணில் பட்டாலும், நாற்று எண்ணிக்கை இருக்கும் பக்கத்தைத் தள்ளிவிட்டு மூன்று செய்திகளைத் தேடுங்கள். வேலைக்கு முந்தைய குளிர்காலத்தில் பறவைகளையும், ஒரு சதுர மீட்டர் சேற்றிலுள்ள புழு, மட்டிகளையும் எண்ணினார்களா? வேலை முடிந்து மூன்று குளிர்காலங்கள் கழிந்தபின் மீண்டும் எண்ணப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா? வேலை தொடங்கும் மாதம் எது? அத்திப்பட்டு, மீஞ்சூர், எண்ணூர்ப் பள்ளிகளில் படிக்கும் மாணவர்கள் முதல் வேலையை யாருக்கும் காத்திராமல் தொடங்கலாம். ஒரு பழைய சல்லடை, ஒரு அடிக்கோல், ஒரு நோட்டுப் புத்தகம் போதும்; சாம்பல் படிந்த இடத்தையும், மின்கம்பிகளுக்கு அருகிலுள்ள இடத்தையும் தவிர்த்து, ஓதம் வடியும் நேரத்தில், பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் எண்ணி எழுதுங்கள். தை மாதத்து எண்ணும் ஆனி மாதத்து எண்ணும் அருகருகே இருக்கும்படி எழுதினால் ஒப்பிட எளிதாயிருக்கும்.